பழைய ஒஸ்ரினுக்குப் புதிய காபரேற்றர்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, என் தகப்பனார் விட்டுச்சென்ற 1953ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஏ40 சொமர்செற் கார் ஒன்று எங்களிடம் உள்ளது. இடப்பெயர்வுக் காலத்தில் வவுனியாவில் உறவினர் வீட்டுக் கொட்டிலில் நின்றதால் அது தப்பியது. இப்போது ஸ்ராட் ஆகிறது. ஆனால் ஐட்லிங்கில் நிற்பதில்லை, கரும்புகை தள்ளுகிறது, பெற்றோல் மணமும் வருகிறது. பழைய செனித் காபரேற்றரைக் கழற்றிவிட்டு கொரோலா காபரேற்றர் ஒன்றைப் போடலாம் என்று எங்கள் ஊர் மெக்கானிக் சொல்கிறார். கொழும்பிலிருந்து புதிய வெபர் எடுப்பிக்கலாம் என்கிறார் மைத்துனர். எதைச் செய்வது? செய்வதானால் எதில் கவனமாக இருக்க வேண்டும்? – வாசகர், மல்லாவி

பதில்: இரண்டில் எதையும் செய்யலாம். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் மூன்று குறைகளில் எதுவும், காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேற்றர் மாற்றப்பட வேண்டும் என்பதற்குத் தனியே சான்றாகாது. ஆகவே முதலில் இரண்டு மாலைப்பொழுதுகளைச் சோதனைக்கு ஒதுக்குங்கள்.

முதல் மாலை தீப்பொறிக்கு உரியது. டிஸ்ரிபியூட்டர் மூடியைத் திறந்து மின்சாரத்தைத் தொட்டுத் துண்டிக்கும் பொயின்ற்றின் இடைவெளியைப் பாருங்கள். லூக்காஸ் டிஸ்ரிபியூட்டருக்கு அது 14 முதல் 16 வரையான ஆயிரத்திலொரு அங்குலமாக இருக்க வேண்டும். பொயின்ற் முகம் கருகியிருந்தால் கொன்டென்சரையும் சேர்த்து மாற்றுங்கள். பலவீனமான பொறியால் எரியாமல் போகும் பெற்றோலும் அதே மணத்தைத் தரும், பிளக்கையும் அதேபோலக் கறுப்பாக்கும். அந்தப் பழி காபரேற்றர்மேல் விழுந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இரண்டாவது மாலை செனித்துக்கு உரியது. அதில் பெற்றோல் தேங்கி நிற்கும் மிதவைக் கிண்ணத்தை இரண்டு போல்ற்றுகள் பிடித்திருக்கின்றன. அவற்றைக் கழற்றினால் கிண்ணம் கையோடு வந்துவிடும். அந்தப் போல்ற்றுகளில் ஒன்றின் நுனி சதுரமாக இருப்பதைக் கவனியுங்கள். கிண்ணத்தின் அடியிலுள்ள பிரதான ஜெற்றையும் (பெற்றோலை அளந்துவிடும் சிறு துளை உள்ள திருகு) அதற்குத் துணையான ஜெற்றையும் கழற்றுவதற்கான சாவி அதுதான். இன்னொரு கருவி தேடாமலே, வீதியோரத்தில் நின்றும் அந்த வேலையைச் செய்யலாம். ஜெற்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். துளை வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் இழுபட்டிருந்தால், முன்னொரு காலத்தில் யாரோ கம்பியால் குத்தியிருக்கிறார்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காதிருந்தபோது, சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய வாகனங்கள் நம்மிடையே எத்தனை என்பதை உங்கள் தகப்பனாரின் வயதினர் அறிவார்கள். அந்த ஓட்டத்துக்காகப் பெருப்பிக்கப்பட்ட ஜெற் இன்றைய பெற்றோலில் கரும்புகை தள்ளாமல் வேறு என்ன செய்யும்?

அடுத்ததாக, மிதிக்கேற்பக் காற்றுவழியைத் திறந்து மூடும் திரொட்டில் தண்டைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து மேலும் கீழுமாக அசையுங்கள். அசைவு கண்ணுக்குத் தெரிந்தால் அந்த இடைவெளியால் கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. அந்நிலையில் ஐட்லிங் எந்தத் திருகாலும் நிற்காது. தண்டின் இருபுறமும் பித்தளைப் புஷ் அடித்துக் கொடுக்கத் தெரிந்த லேத்காரர் ஒருவர் இருந்தால், செனித்தை மாற்றவே தேவையில்லை. செனித்துக்கான கஸ்கெற்றுகளும் கிண்ணத்துக்குள் பெற்றோல் வருவதைக் கட்டுப்படுத்தும் ஊசி வால்வும் இங்கிலாந்தின் சோல்ஸ்பரியிலுள்ள பேர்லன் நிறுவனத்தால் இன்றும் விற்கப்படுகின்றன. காபரேற்றர் உடல் வெடித்திருந்தாலோ, நாகக் கலப்புலோகம் பூத்துப் பொருக்காக உதிர்ந்தாலோ, மூடி முகம் வளைந்திருந்தாலோ மாற்றுவதே சரி. நீண்டகாலம் பெற்றோலோடு நின்ற காரில் இவை நடக்கக்கூடியவை.

இனி எதைப் போடுவது என்ற கேள்வி. பெரிய காபரேற்றர் போட்டால் கார் பெரிதாக ஓடும் என்ற எண்ணம் நம் கராச்சுகளில் வேரூன்றியிருக்கிறது. அதைக் கணக்கால் பார்ப்போம். உங்கள் எஞ்சின் 1200 சீ.சீ.; நிமிடத்துக்கு 4500 சுழற்சியில் ஏறத்தாழ 42 குதிரைவலு தரும்படி செய்யப்பட்டது. நான்கு அடி எஞ்சின் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறையே தன் முழுக் கொள்ளளவை இழுப்பதால், அந்த வேகத்தில் அது நிமிடத்துக்கு மிகக் கூடினால் 2700 லீற்றர் காற்றை இழுக்கும். வால்வுகளும் குழாய்களும் கொடுக்கும் தடையைக் கணக்கில் எடுத்தால் உண்மையில் 2200 லீற்றருக்குள்தான் வரும். 1970களின் கொரோலாவில் வந்த 3கே எஞ்சின் 1166 சீ.சீ.; பருமனில் உங்களுடையதோடு ஒட்டி நிற்கிறது. ஆனால் அது 6000 சுழற்சி வரை ஓடுவதற்குச் செய்யப்பட்டது, அங்கே அதே கணக்கு 3500 லீற்றரைத் தொடும். ஆகவே கொரோலாவின் காபரேற்றர் உங்கள் எஞ்சினுக்குச் சிறிதல்ல, சற்றுப் பெரிதே. அதன் இரண்டு துவாரங்களில் முதலாவது சிறியது, இரண்டாவது மிதியை ஆழமாக மிதிக்கும்போது மட்டும் திறப்பது. அதனால்தான் அது உங்கள் காருக்குப் பொருந்துகிறது: ஊருக்குள் ஓடும்போது சிறிய துவாரத்தினூடாகக் காற்று விரைந்து செல்வதால் பெற்றோல் நன்றாகத் தூளாகும். ஒற்றைத் துவார வெபர் எடுப்பதானால், உள்ளே காற்றுவழி ஒடுங்கும் இடமான குறுக்கத்தின் விட்டத்தை விற்பவரிடம் கேட்டு, செனித்தின் குறுக்கத்தோடு ஒப்பிட்டு, அதைவிட ஓரிரு மில்லிமீற்றருக்கு மேல் கூடாததையே எடுங்கள். அகன்ற குறுக்கத்தில் காற்று சோம்பி நகரும், மிதித்தவுடன் எஞ்சின் ஒரு கணம் விக்கி நிற்கும்.

வெபர் நிறுவனம் இத்தாலியின் பொலோஞா நகரில் தொடங்கியது. இப்போது அந்தப் பெயரில் உற்பத்தி ஸ்பெயினில் நடக்கிறது. அதே தோற்றத்தில் மலிவான பிரதிகளும் சந்தையில் உள்ளன. அவற்றில் ஜெற்றின் மேல் பொறித்த எண்ணும் உள்ளே இருக்கும் துளையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. வன்னியில் இருப்பவருக்கு நான் கொரோலாவையே பரிந்துரைப்பேன். கஸ்கெற் தொகுதி கிடைக்கிறது, அதைத் திறந்து பழகிய கைகள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உள்ளன, நடுவழியில் நின்றால் ஆள் உண்டு. ஆனால் பழைய இரும்புக் கடையில் எடுக்கும் காபரேற்றரின் திரொட்டில் தண்டையும் அதே இரு விரல்களால் அசைத்துப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள். கழற்றியதில் உள்ள அதே நோயை விலை கொடுத்து வாங்கிப் பூட்டியவர்கள் இருக்கிறார்கள்.

செனித்தின் அடித்தளம் இரண்டு போல்ற்றில் நிற்பது, கொரோலாவினுடையது நான்கில் நிற்பது. ஆகவே இடைத்தட்டு ஒன்று தேவை. இந்த மாற்றத்தில் நான் கண்ட தோல்விகளில் பெரும்பாலானவை இந்தத் தட்டில்தான் தொடங்கின. பரந்தனில் நான் பட்டறை வைத்திருந்த காலத்தில், திருமணத்துக்கு மாப்பிள்ளை அழைக்க ஒழுங்கு செய்திருந்த ஓர் ஏ40ஐ முள்ளியவளையிலிருந்து கட்டி இழுத்து வந்தார்கள். குளிரில் ஓடும், சூடானதும் ஐட்லிங் ஏறி இறங்கி அணைந்துவிடும். வேறொரு கராச்சில் மூன்று முறை ஜெற் மாற்றியிருந்தார்கள். நான் காபரேற்றரைத் தொடவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, தடித்த எஞ்சின் எண்ணெயில் தோய்த்த சிறு தூரிகையை இடைத்தட்டின் விளிம்பில் மெல்ல இழுத்துக்கொண்டு வந்தேன். முன்பக்க இரண்டு போல்ற்றுகளுக்கு இடையே தூரிகை வந்ததும் எண்ணெய் உள்ளே உறிஞ்சப்பட்டது, தடுமாறிக்கொண்டிருந்த எஞ்சின் ஒரே சீராக உறுமியது. கழற்றிப் பார்த்தால், தட்டு மூன்று மில்லிமீற்றர் இரும்புத் தகடு. போல்ற்றை இறுக்க இறுக்க நடுவில் வில்லாக வளைந்திருந்தது. பெற்றோலைத் தெளித்து இந்தச் சோதனையைச் செய்பவர்கள் உண்டு. சூடான புகைக்குழாய்க்கு மேல் அதைச் செய்யவே வேண்டாம்.

உங்கள் தட்டு 12 மில்லிமீற்றர் தடிப்பான அலுமினியத்தில் இருக்கட்டும். மனிபோல்ற்றோடு (கலவையை எஞ்சினுக்குள் கொண்டுசெல்லும் குழாய்த்தொகுதி) பிடிக்கும் இரண்டு போல்ற்றுகளின் தலைகள் தட்டுக்குள் புதைந்து நிற்க வேண்டும், காபரேற்றருக்கான நான்கு ஸ்ரட்டுகள் தட்டில் மரையிட்டு ஏற வேண்டும். மேலே இரண்டு துவாரமாகத் தொடங்கும் வழி கீழே மனிபோல்ற்றின் ஒரு துவாரத்தில் சரிவாகச் சேரும்படி லேத்காரரிடம் சொல்லுங்கள். படிபோல வெட்டிவிட்டால் அந்த விளிம்பில் பெற்றோல் துளியாகக் கட்டும். தட்டு வந்ததும் அதன் இரு முகங்களிலும் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுங்கள். தடித்த கண்ணாடித் துண்டின்மேல் ஈரமான நுண்ணிய அரத்தாளை விரித்து, தட்டை அதன்மேல் வட்டமாகத் தேய்யுங்கள். பென்சில் கோடு எங்கே அழியாமல் நிற்கிறதோ அங்கே பள்ளம் இருக்கிறது. கடைசிக் கோடு அழியும் வரை தேயுங்கள். காபரேற்றரின் அடிமுகத்துக்கும் இதையே செய்யுங்கள். கஸ்கெற்றுக்குப் பதிலாகச் சாதாரண சிலிக்கன் பசையைப் பூச விடாதீர்கள். பெற்றோல் அதை ஊறவைத்துத் துண்டு துண்டாக உள்ளே அனுப்பும்.

தட்டுக்கும் காபரேற்றருக்கும் இடையில் சூட்டை எளிதில் கடத்தாத பேக்லைற் தடுப்பு ஒன்றையும் வையுங்கள். உங்கள் எஞ்சினில் உள்ளிழுக்கும் மனிபோல்ற்றும் புகைக்குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டி நிற்கின்றன. குளிர்நாட்டில் பெற்றோல் ஆவியாவதற்கு அந்தச் சூடு உதவியது. துணுக்காய் வீதியில் நண்பகலில் அணைத்து, பத்து நிமிடம் நிறுத்தி வைத்த காரில் அதே சூடு கிண்ணத்துப் பெற்றோலைக் கொதிக்க வைக்கும், பிறகு ஸ்ராட் ஆகாது.

பூட்டும்போது மிதவைக் கிண்ணம் காரின் முன்பக்கம் பார்த்து நிற்கட்டும். ஜப்பானிய காபரேற்றரில் பல சிறு குழாய்முனைகள் இருக்கும், உங்கள் காருக்குத் தேவையற்ற ஒவ்வொன்றையும் இறுக்கமான மூடியால் அடைக்க வேண்டும். திறந்து நிற்கும் ஒன்று, தட்டு வளைந்ததற்குச் சமம். டிஸ்ரிபியூட்டரின் வக்கூம் குழாயை, ஐட்லிங்கில் உறிஞ்சாமல் மிதியைத் தொட்டவுடன் உறிஞ்சத் தொடங்கும் முனையில் இணையுங்கள். விரலை வைத்துப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும்.

காபரேற்றரின் பக்கத்தில் வயரோடு ஒரு சிறு உருளை இருக்குமானால் அது ஐட்லிங் பெற்றோலைத் திறந்து மூடும் சொலனொயிட். சுவிச் போட்டதும் அதற்கு 12 வோல்ற் போக வேண்டும். வயர் கொடுக்காமல் விட்டுவிட்டு, ஐட்லிங் வரவில்லை என்று வாரக்கணக்கில் திருகிக்கொண்டிருப்பது நம்மிடையே மிகச் சாதாரணமான தவறு. இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள்: சொமர்செற்றில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். சொலனொயிட்டுக்கு அதனால் கெடுதி இல்லை, சுருள் எந்தப் பக்கமும் இழுக்கும். ஆனால் உள்ளே எலெக்ரோனிக் சுற்று உள்ள பம்போ தீப்பொறிக் கருவியோ பூட்டினால், பற்றரியின் திசை தெரியாமல் இணைத்த அந்தக் கணத்திலேயே எரிந்துவிடும்.

அக்சிலேற்றர் விடயத்தில் நான் கண்டிப்பாக இருக்கிறேன், ஏனெனில் இது உயிரோடு தொடர்புடையது. ஒஸ்ரினின் மிதி கம்பித் தண்டால் இழுப்பது, கொரோலாவினுடையது கேபிளால் இழுபடுவது. கேபிளுக்கு மாற்றினால் உறையின் இரு முனைகளும் அசையாத பிடிகளில் நிற்க வேண்டும், மீட்பு ஸ்பிறிங் ஒன்றல்ல இரண்டு இருக்க வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவரை ஆசனத்தில் இருத்தி மிதியை அடிவரை அழுத்தி விடச் சொல்லி, நீங்கள் பொனெற்றின் அருகில் நின்று பாருங்கள். முழுதாகத் திறக்கிறதா, விட்டவுடன் தட்டென்று மூடுகிறதா என்று இருபது முறை பார்த்த பிறகே ஸ்ராட் செய்யுங்கள். சோக் கேபிள் பழையதே போதும். கையால் இழுக்கும் சோக் உள்ள காபரேற்றரையே தேர்ந்தெடுங்கள். மார்கழி, தை விடியற்காலையைத் தவிர இங்கே அதற்கு அதிகம் வேலை இல்லை.

இடைத்தட்டும் பேக்லைற்றும் சேர்ந்து காபரேற்றரை உயர்த்திவிடும். எயார் கிளீனரின் மேல் குழைத்த கோதுமை மாவை ஓர் உருண்டை வைத்து, பொனெற்றை மெல்ல மூடித் திறந்து, எவ்வளவு நசிந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு விரல் தடிப்பாவது மிஞ்ச வேண்டும். இடம் போதவில்லை என்று கம்பி வலை மட்டும் உள்ள அலங்கார வடிகளைப் போட வேண்டாம். சோளகம் வீசும் மாதங்களில் கிரவல் வீதிப் புழுதி அந்த வலையினூடாகத் தாராளமாகப் போய் சிலிண்டரை அராவிவிடும். கடதாசி வடி உள்ள ஜப்பானியப் பெட்டியையே பொருத்துங்கள்.

கடைசியாகச் சரிபார்த்தல். ஐட்லிங் கலவைத் திருகை மெல்ல அடிவரை மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்குங்கள். எஞ்சின் நன்றாகச் சூடானதும், சத்தம் மிக மென்மையாக வரும் இடத்தைத் தேடித் திருகுங்கள். வக்கூம் மானி இருந்தால் முள் மிக உயரும் இடம் அதுவே. நல்ல எஞ்சினில் அது 17 முதல் 20 பாதரச அங்குலம் காட்டும். பிறகு புதிய பிளக்குகளோடு மாங்குளத்திலிருந்து ஏ9 வீதியில் சில மைல் ஒரே வேகத்தில் ஓடி, ஓட்டத்திலேயே கிளச்சை மிதித்து எஞ்சினை அணைத்து, ஓரமாக நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள். பிரேக்குக்கும் ஸ்ரியரிங்குக்கும் எஞ்சினின் துணை வேண்டாத கார் என்பதால் இதைச் செய்யலாம். ஆயினும் வீதி வெறுமையாக இருக்கும் காலை நேரத்தையே தேர்ந்தெடுங்கள். பீங்கான் வெளிர் மண்ணிறமாக இருந்தால் பிரதான ஜெற் சரி. வெள்ளையாக இருந்தால் ஓரளவு பெரிய ஜெற், கறுப்புக் கரி படிந்திருந்தால் சிறிய ஜெற். வெள்ளையை அலட்சியம் செய்ய வேண்டாம். அது வால்வை எரிக்கும்.

கழற்றிய செனித்தை அதன் போல்ற்று, தண்டு, கிளிப்புகள் அனைத்தோடும் எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு தகரப் பெட்டியில் வையுங்கள். மனிபோல்ற்றில் புதிய துளை எதுவும் போட அனுமதிக்காதீர்கள். உங்கள் தகப்பனாரின் கார் என்றாவது ஒருநாள் தன் பழைய உருவுக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

கேள்வி: ஏ55 கேம்பிரிட்ஜில் ஜப்பானிய காபரேற்றரும் மின்சாரப் பம்பும் போட்டிருக்கிறேன். கிண்ணத்தின் காற்றுத் துவாரத்தால் பெற்றோல் வழிகிறது. ஊசி வால்வு இரண்டு முறை மாற்றியாயிற்று. – வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: ஊசி வால்வில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. பம்பு எந்தக் காரிலிருந்து வந்தது என்று பாருங்கள். இஞ்செக்சன் காரின் பம்பு சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 40 இறாத்தல் அழுத்தம் தரும். காபரேற்றரின் மிதவை தாங்கக்கூடியது மூன்று இறாத்தலை ஒட்டியதே. எஞ்சினில் பொறிமுறைப் பம்பு பூட்டும் இடம் இருக்குமானால் அதற்கே திரும்புங்கள். அது இரண்டு இறாத்தலை ஒட்டித் தரும், எஞ்சின் நின்றால் தானும் நிற்கும். மின்சாரப் பம்பே வேண்டுமென்றால் காபரேற்றருக்கென்று செய்யப்பட்ட குறைந்த அழுத்தப் பம்பை எடுத்து, எண்ணெய் அழுத்தம் இருக்கும்போது மட்டும் மின்சாரம் போகும்படி சுவிச்சினூடாக இணையுங்கள். விபத்தில் எஞ்சின் நின்ற பிறகும் பெற்றோலைக் கொட்டிக்கொண்டிருக்கும் பம்பு ஒரு காரை எரித்துவிடும். அதுவரை காரை ஓட்ட வேண்டாம் என்று உங்களை மன்றாட்டமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: மொறிஸ் மைனர் 1000இல் உள்ள எஸ்.யு. காபரேற்றர் பழசாகிவிட்டது. மிதித்தால் இழுக்கத் தயங்குகிறது. நவீனமான ஒன்றைப் போடலாமா? – வாசகர், நெடுங்கேணி

பதில்: வேண்டாம். எஸ்.யு. தன் குறுக்கத்தைக் காற்றின் அளவுக்கேற்பத் தானே அகட்டிக்கொள்ளும் காபரேற்றர். உங்கள் 948 அல்லது 1098 சீ.சீ. எஞ்சினுக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் கண்டதில்லை, இன்றும் அது புதிதாகவே செய்யப்படுகிறது. மேலேயுள்ள சிறு மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள்; வறண்டிருந்தால் தயக்கத்தின் காரணம் பெரும்பாலும் அதுவே. 20 தரத்து மெல்லிய எண்ணெயை விடுங்கள். பிறகு எயார் கிளீனரைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிஸ்ரனை விரலால் உயர்த்தி விடுங்கள். மெதுவாக இறங்கி, அடியில் தொடும்போது "டக்" என்ற உலோகச் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மேல்மூடியைக் கழற்றி, உட்சுவரையும் பிஸ்ரனையும் பெற்றோலில் தோய்த்த துணியால் மட்டும் துடையுங்கள். அரத்தாள் படவே கூடாது. மூடியைக் கழற்றுமுன் அதற்கும் உடலுக்கும் சேர்த்து ஒரு சிறு கோடு கீறிவைத்து, பூட்டும்போது அந்தக் கோட்டிலேயே பூட்டுங்கள்.